அவர் வெட்டாத சாவி

இதை எழுதுகிறவனை அவர் முதன்முதலில் திருடன் என்றுதான் நினைத்தார்.

கிராமத்திலிருந்து வந்து இறங்கிய மறுநாள். தகரப் பெட்டியின் சாவி பஸ்ஸிலோ வேறெங்கோ விழுந்துவிட்டிருந்தது. விடிந்தால் நேர்காணல். பெட்டிக்குள் பட்டச் சான்றிதழ். மூன்று தலைமுறையாகக் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த குடும்பத்துக்கு முதன்முதலாக வந்துசேர்ந்த பட்டம். பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு விசாரித்து விசாரித்து, பஸ் நிலையத்துக்குப் பின்புறம் இருந்த சாவிக்கடைக்கு வந்து நின்றான். கடையா அது? கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கும். உள்ளே சாவி வெட்டும் மிஷின், அதன் பின்னால் ஒல்லியாக, மூக்கின் நுனியில் கண்ணாடி போட்ட ஒரு மனிதர். முன்பக்கம் மேசையில் அவருடைய மனைவி.

"இந்தப் பெட்டி உன்னோடதுன்னு நான் எப்படி நம்புறது?" என்றார் அவர்.

"என்னோடதுதாங்க."

"தூக்கிட்டு வர்றவன் எல்லாரும் அதைத்தான் சொல்றான். உள்ள என்ன இருக்கு, வரிசையாச் சொல்லு."

"ரெண்டு பேன்ட், மூணு சட்டை, ஒரு போர்வை. அதுக்கு அடியில பச்சைத் துண்டுல சுத்தி என் டிகிரி."

"துண்டுல சுத்தியா? ஏன், அதுக்குக் குளிருமா?"

மேசையில் இருந்த அம்மா சிரித்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை. கம்பியை விட்டு ஒரு திருகு திருகினார். பூட்டு வாயைத் திறந்தது. பேன்ட்டை எண்ணினார், சட்டையை எண்ணினார், துண்டைப் பிரித்தார். சான்றிதழை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்துவிட்டு, "அப்பா பேர் என்ன?" என்று கேட்டார். சொன்னதும்தான் புதுச் சாவிக்குக் கை வைத்தார். வெட்டி முடித்த சாவியை மனைவியிடம் நீட்ட, அந்த அம்மா உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்து, துணியால் துடைத்துக் கொடுத்தார். அவர் ஒரு நீள நோட்டை எடுத்துத் தேதி, பூட்டின் விவரம், ஆளின் பெயர் எல்லாம் எழுதிக்கொண்டார்.

"நல்லாத்தான் படிச்சிருக்கே. சாவியைத் தொலைக்காம இருக்க மட்டும் அங்க சொல்லித் தரல போல."

கடைக்கு மேலே இருந்த அறை அந்த மாதமே இவனுக்கு வாடகைக்குக் கிடைத்தது. நான்கு வருஷமாகிறது. இனிமேல் வருவது அவர்கள் இருவரும் ஆளுக்கொரு தரம் சொன்னது. கொஞ்சம், அவரே சபை நடுவில் எழுந்து நின்று சொன்னது.

*

சந்தேகம் அவருக்குத் தொழிலோடு வந்ததா, பிறக்கும்போதே வந்ததா என்பது கட்டிய மனைவிக்கே தெரியாது. தெருவே நம்பிப் பூட்டிவிட்டுப் போகிற பூட்டுகளில் முக்கால்வாசியை அரை நிமிஷத்தில் திறந்துவிடுவார். இது தெரிந்த மனிதனுக்கு நிம்மதி எங்கிருந்து வரும்? ஹோட்டலுக்குப் போனால் கதவுக்கு எதிரே இருக்கிற நாற்காலிதான் வேண்டும். யாராவது கொஞ்சம் அதிகமாகச் சிரித்துப் பேசினால், "இவன் எதுக்கு இப்ப நம்மகிட்ட பல்லைக் காட்டுறான்?" என்று வீட்டுக்கு வரும்வரை கேட்டுக்கொண்டே வருவார்.

ஆனால் தொழிலில் நூல் பிசகமாட்டார். தனியாகக் கொண்டுவரும் சாவிக்கு நகல் போடுவதில்லை. "கதவைக் காட்டு" என்பார். சாவி ஒருநாள் காணாமல் போய்க் கிடைத்தது என்று யாராவது சொன்னால், "பூட்டை மாத்துங்க" என்பார்.

"அதான் சாவி கிடைச்சிடுச்சே?"

"கிடைச்சுது. ஆனா தனியாத்தான் வந்துச்சுன்னு நினைக்காதீங்க. அதுக்கு ஒரு தம்பி எங்கேயாவது பிறந்திருப்பான்."

வெட்டுகிற ஒவ்வொரு சாவியையும் நோட்டில் எழுதுவார். இருபத்திரண்டு வருஷ நோட்டுகள் பரணில் கட்டுக்கட்டாக இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை சபையில் அவருக்கு வேறு பெயர். அரைக்கண். ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடும்போது இவர் மட்டும் பாதிதான் மூடுவார். கேட்டால், "எல்லாரும் கண்ணை மூடுற நேரம்தான் திருடனுக்குத் தோது" என்பார். கஞ்சர் இல்லை. மாதம் பிறந்தால் பத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் வீட்டுச் செலவைத் தொடுவார். ஆனால் காணிக்கைப் பையில் போட்ட பிறகு அந்தப் பை எந்த வரிசை வழியாக, யார் கையால், எங்கே போகிறது என்று கண் பின்னாலேயே போகும்.

"கர்த்தரை நம்புறேன். அவருக்கு வேலை பார்க்கிறவங்களை நான் ஏன் நம்பணும்?"

கர்த்தரை நம்புகிற விஷயத்திலும் ஒரு இடறல் இருந்தது. அதை மனைவியிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார். சாவி பூட்டுக்குள் போனால் விரல் நுனிக்குத் தெரியும், உள்ளே பிடிக்கிறதா வழுக்குகிறதா என்று. ஜெபத்தில் விரலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா?

"நீங்க கேட்டுட்டு நிக்கவே மாட்டேங்கிறீங்க" என்றார் மனைவி. "கதவைத் தட்டின கையோட, பின்பக்கமா யாராவது ஓடுறாங்களான்னு பார்க்கப் போயிடுறீங்க. அவர் திறந்து பார்த்தா வாசல்ல ஆளே இல்ல."

சபையில் ஒரு பெட்டி உண்டு. எளியோர் பெட்டி. மருந்து வாங்க முடியாதவர்கள், வாடகை கட்ட முடியாதவர்கள் என்று, வெளியே தெரியாமல் உதவுவதற்கு. மாதக் கடைசி ஞாயிறு அதைத் திறப்பார்கள். முன்பு அதற்கு ஒரே பூட்டு, சாவி பொருளாளரிடம். ரிட்டயரான கணக்கு வாத்தியார் அவர். காதில் எப்போதும் பென்சில் செருகியிருக்கும், அதனால் பெயரே பென்சில். இரண்டு வருஷத்துக்கு முன் நடந்த கூட்டத்தில் நம் சாவிக்காரர் எழுந்தார்.

"ஒரு பூட்டு, ஒரு சாவி, ஒரு ஆள்னா அது பெட்டி இல்ல. அவரோட சட்டைப் பை."

பென்சிலின் முகம் செத்துப்போனது. சாவிக்காரர் விடவில்லை. இரண்டு பூட்டு வேண்டும், இரண்டு ஆள் வேண்டும் என்றார். ஒரு பூட்டைத் தானே இலவசமாகச் செய்து தருவதாகவும், இரண்டாவதைத் தன் கண்ணிலேயே காட்டாமல் பாஸ்டர் வெளியூரில் வாங்கி வரவேண்டும் என்றும் சொன்னார். "நான் பூட்டுத் தொழில் பண்றவன். என்னையும் நம்பாதீங்க."

கை தட்டினார்கள். அந்த வாக்கியம் அவருக்கே ரொம்பப் பிடித்துப்போனது. வீட்டுக்கு வந்தும் இரண்டு தடவை சொல்லிக் காட்டினார்.

*

மனைவியின் வேதப்புத்தகத்துக்கு ஜிப் வைத்த ஓர் உறை உண்டு. ஒருநாள் காலை, அந்த அம்மா காய் வாங்கப் போயிருந்தபோது, சபை அறிவிப்புத் தாளைத் தேடி சாவிக்காரர் அந்த உறையைத் திறந்தார். தாள் கிடைத்தது. அதை இழுக்கும்போது உள்தையலுக்குப் பின்னால் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. ஒரு சாவி.

சின்னது. பித்தளை. நான்கு பல். ஜன்னலோரம் கொண்டுபோய்க் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். பல் முனைகள் இன்னும் கூர் மழுங்கவில்லை. நிறையத் தடவை போட்ட சாவி இல்லை. தினமும் திறக்கிற எதற்கும் உரியதல்ல. எப்போதாவது, பத்திரமாக, திறக்கிற எதற்கோ.

அந்த வீட்டில் ஏழு பூட்டு. ஏழும் அவர் கைவேலை. இது எட்டாவது.

மூளை கிடுகிடுவென்று கணக்குப் போட்டது. சில மாதமாகவே மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், "கொஞ்சம் வேலை இருக்கு, நீங்க முன்னால போங்க" என்கிறாள். என்ன வேலை என்று கேட்டால், "வேலைதான்" என்கிறாள். பொய் சொல்லத் தெரியாதவள். பொய் சொல்லத் தெரியாதவள் விஷயத்தைச் சொல்லாமல் விழுங்குகிறாள் என்றால், விஷயம் பெரிது. அப்புறம் அவளுடைய தம்பி. வேன் ஓட்டுகிறவன், எப்போது பார்த்தாலும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறவன். போன மாதம் வேனுக்கு நாலு சக்கரமும் புதிதாக மின்னின. எங்கிருந்து வந்தது பணம்?

இருந்த இடத்தில் சாவியை வைத்துவிட்டு, அவள் வந்ததும், "இந்தச் சாவி எதுக்கு?" என்று கேட்டிருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். இதைப் பிற்பாடு அவரே சொன்னார். ஆனால் கேட்டால் உஷாராகிவிடுவாள் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் வியாதி.

சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு கடைக்கு இறங்கினார். ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கினார். மிஷினின் ஒரு கவ்வியில் அதை மாட்டினார், அடுத்த கவ்வியில் வெட்டாத சாவியை மாட்டினார். இருபது நொடி. பித்தளைத் தூளை ஊதிவிட்டு, நகலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அசலை அதே தையலுக்குப் பின்னால் அதே சாய்வில் வைத்துவிட்டு வந்தார். நோட்டைத் திறக்கவில்லை. திறந்தால் 'யாருடைய சாவி' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

மனைவி வந்தபோது அவர் நாற்காலியில் அமர்ந்து அறிவிப்புத் தாளைப் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, தாளைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க?"

"கண்ணாடியைத் துடைக்கணும்" என்றார்.

*

மச்சினன் குடியிருந்தது வேன் நிறுத்துமிடத்தை ஒட்டிய ஒற்றை அறை. மத்தியானம் சாப்பிட வருவான் என்று தெரிந்து சரியாக அந்த நேரத்துக்குப் போனார்.

"வாங்க மச்சான்" என்றான் அவன், கையில் தட்டோடு. அவனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "அக்காவைக் கட்டி இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் என் ரூமுக்கு வழி தெரிஞ்சுதா? யாராவது செத்துட்டாங்களா?"

"சும்மாதான் மாப்ளே. இந்தப் பக்கம் வந்தேன். பூட்டெல்லாம் பத்திரமா இருக்கான்னு பார்க்கலாம்னு."

"பூட்டு பத்திரமாத்தான் இருக்கு. பூட்டி வைக்கத்தான் ஒண்ணும் இல்ல."

அவன் கை கழுவ வெளியே போனான். குழாய் திறக்கிற சத்தம் கேட்டதும் சாவிக்காரர் எழுந்தார். கட்டிலுக்கடியில் ஒரு டிரங்குப் பெட்டி, சாவி நுழையவில்லை. சுவர் அலமாரி, நுழைந்தது, ஆனால் திரும்பவில்லை. இன்னொரு தடவை, லேசாக அழுத்தி...

"மச்சான்."

திரும்பாமலே நின்றார்.

"அதுல நாலு சட்டை இருக்கு. வேணும்னா எடுத்துக்குங்க. உங்களுக்குத் தொளதொளன்னு இருக்கும்."

"இல்ல மாப்ளே, பூட்டு கொஞ்சம் இறுகின மாதிரி..."

"அது பூட்டவே இல்ல. கதவை இழுத்தாப் போதும்." இழுத்துக் காட்டினான். சட்டை நான்கு தொங்கின. பிறகு, அவனாகவே, சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினான். "இதைத்தானே தேடுறீங்க? டயர் ரசீது. பழைய டயருக்கு மேல்பட்டை ஒட்டினது, தவணையில. அக்காகிட்ட ஒரு காசு வாங்கல. வாங்கினா முதல்ல உங்களுக்கு மூக்கு வேர்க்கும்னு அவளுக்குத் தெரியாதா?"

ரசீதை வாங்கிப் பார்க்காமல் இருந்திருக்கலாம். வாங்கிப் பார்த்தார். தேதியையும் பார்த்தார்.

"அக்காகிட்ட சொல்லமாட்டேன்" என்றான் மச்சினன், வாசல்வரை வந்து. "எனக்கே வெட்கமா இருக்கு."

பணம் மச்சினனுக்குப் போகவில்லை என்றால் சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். அவருக்கோ அது பெருத்தது. தம்பிக்கு இல்லை என்றால் வேறு யாருக்கு? தெருவில் நடக்கிறபோது ஒவ்வொரு கதவையும் பார்த்தார். இந்தப் பூட்டா, அந்தப் பூட்டா? வீட்டில் மனைவி தட்டு வைக்கிற சத்தம்கூட எதையோ மறைக்கிற சத்தமாகக் கேட்டது. இரண்டு பேரும் வழக்கம்போலச் சேர்ந்து ஜெபம் பண்ணினார்கள். அவர் அரைக்கண்ணால் அவளுடைய முகத்தைப் பார்த்தார். அவள் கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சட்டென்று மூடிக்கொண்டார்கள். அவளும் ஏன் கண்ணைத் திறந்திருந்தாள்? அதுவும் ஒரு கணக்கில் சேர்ந்தது.

*

மாதக் கடைசி ஞாயிறு வந்தது. ஆராதனை முடிந்ததும் அவர் எதிர்பார்த்த வார்த்தை வந்தது.

"நீங்க முன்னால போங்க. கொஞ்சம் வேலை இருக்கு."

போனார். வாசலைத் தாண்டி, சுற்றுச்சுவரை ஒட்டிப் பின்பக்கம் வந்து, அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே நின்றார். நடுப்பகல் வெயில் மண்டையைப் பிளந்தது. எதிரே பாஸ்டரின் அறை. ஜன்னல் மேல் கதவு மட்டும் திறந்திருந்தது. பக்கத்து நடை வழியாகப் பென்சில் உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து சாவிக்காரரின் மனைவி, வேதப்புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினார்கள்.

பென்சிலா? அந்தக் கூட்டத்திலிருந்து தான் யாரை நம்பக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னாரோ, அந்த ஆளோடா? சட்டைப் பையில் இருந்த சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார். கதவை உதைத்துக்கொண்டு போவதா, நிற்பதா?

அப்போது உள்ளே ஒரு சத்தம் கேட்டது. டொக்.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். இருமுகிற மாதிரி ஒரு சத்தம். திறந்தால் அறை முழுக்கக் கேட்கட்டும் என்று வேண்டுமென்றே விறைப்பாகச் சுருள் வைத்து அவரே செய்த பூட்டு. எளியோர் பெட்டியின் முதல் பூட்டு. அதைத் தொடர்ந்து இன்னொரு சத்தம். மெல்லிய, வழுவழுப்பான, வெளியூர்ப் பூட்டின் சத்தம். அவர் அதைக் கேட்டதே இல்லை.

"ரெண்டும் திறந்தாச்சு" என்றது பென்சிலின் குரல். "ஜெபம் பண்ணிட்டு எடுப்போம் அம்மா."

சாவிக்காரர் நாற்காலி அடுக்கைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் தான் சொன்ன கடைசி வாக்கியம் அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. 'என்னையும் நம்பாதீங்க' என்பதற்குக் கிடைத்த கைதட்டல் அடங்கியதும் அவர் இன்னொன்று சொல்லியிருந்தார்: "ரெண்டாவது சாவி யார்கிட்ட இருக்குன்னு பாஸ்டருக்கும் பொருளாளருக்கும் தவிர ஒரு ஈ, காக்காய்க்குத் தெரியக்கூடாது. கட்டின புருஷன், பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லக்கூடாது. வாக்கு வாங்கிட்டுத்தான் சாவியையே கையில கொடுக்கணும்."

அவள் வாக்குக் கொடுத்திருக்கிறாள். காப்பாற்றியும் இருக்கிறாள்.

சட்டைப் பையில் இருந்த நகல் அவர் விரலைச் சுட்டது. முதல் பூட்டைச் செய்தவர் அவர். அதை எப்போது வேண்டுமானாலும் திறக்கத் தெரியும். இரண்டாவது சாவியும் இப்போது கையில் இருக்கிறது. இரண்டு பூட்டையும் தனியாகத் திறக்கக்கூடிய ஒரே ஆள் அந்தச் சபையில் அவர்தான்.

*

திங்கட்கிழமை காலை, நகலை அரைக்கிற சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு நிமிஷ வேலை. தூளாகிவிடும். யாருக்கும் தெரியாது. அவளுக்குப் பொறுப்பு போகாது, இவருக்குப் பெயர் போகாது.

சக்கரத்தைப் போட்டார். நிறுத்தினார். கையை விட்டுப் போன சாவிக்குப் பூட்டை மாற்று என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்? தூளாக்கிவிட்டேன் என்று சொல்கிறவனை எத்தனை பேரை நம்பியிருக்கிறார்? ஒருவரையும் இல்லை. ஏழைகளின் பெட்டியில் செத்த பூட்டு தொங்குகிறது, அது அவருக்கு மட்டும் தெரியும். தெரிந்துகொண்டு பேசாமல் இருந்தால் அவர் யார்? வாயைத் திறந்தாலோ, இருபத்திரண்டு வருஷ வீடு என்ன ஆகும்?

மிஷினுக்கு முன்னாலேயே நின்று ஜெபம் பண்ணினார். அன்றைக்குக் கண் முழுக்க மூடியிருந்தது. பதில் ஒன்றும் வரவில்லை. விரலுக்கும் ஒன்றும் தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது மேசையில் மனைவி ஒரு வாடிக்கையாளருக்குச் சாவியைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் போகட்டும் என்று காத்திருந்து, போய்ப் பக்கத்தில் நின்றார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

நகலைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

அவள் அதைத் தொடவில்லை.

"மூணு வாரம் ஆச்சு" என்றாள். "இன்னிக்குத்தான் சொல்ல வந்தீங்களா?"

"உனக்குத் தெரியுமா?"

வேதப்புத்தக உறையைப் பிரித்து அசலை எடுத்து அவர் கண்ணெதிரே நீட்டினாள். சாவியின் தலைக்குக் கீழே, பிறை மாதிரி மெல்லிய ஒரு கீறல். அவருடைய மிஷினின் கவ்வியில் ஒரு பல் உடைந்திருக்கிறது. அதில் மாட்டுகிற சாவி எல்லாவற்றிலும் அந்தக் கீறல் விழும். இருபத்திரண்டு வருஷமாக அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுப்பது அவள் வேலை. அவள் கைக்கு வராமல் அந்தக் கடையிலிருந்து ஒரு சாவி வெளியே போனதில்லை, இது ஒன்றைத் தவிர. தேய்க்க வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

"அன்னிக்கே பார்த்துட்டேன்" என்றாள். "நோட்டை எடுத்துப் பார்த்தேன். எழுதல. நீங்க எழுதாம ஒரு சாவி வெட்டினதே கிடையாது. அப்பதான் பயம் வந்துச்சு. துவைக்கப் போடுற சாக்குல உங்க சட்டைப் பையெல்லாம் தேடினேன். என் வாழ்க்கையில நான் உங்க பையில கை விட்டதில்ல."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"நீங்க என்கிட்ட கேட்டீங்களா?"

அவர் நகலை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

"பாஸ்டர்கிட்டயாவது..."

"எப்படிச் சொல்றது? பெட்டியில குறைஞ்சிருந்தா எடுத்தது நீங்கன்னு ஆகும். குறையலன்னாலும் எடுக்க நினைச்சது நீங்கன்னு ஆகும். நேத்து வாத்தியார் எண்ணி முடிக்கிறவரைக்கும் பெட்டியை விட்டு நான் கண்ணை எடுக்கல. போன மாசம் எழுதி வெச்ச சீட்டுல இருக்கிறதும் பெட்டியில இருக்கிறதும் சரியா இருந்துச்சு. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? என் புருஷன் திருடன் இல்லைன்னு சந்தோஷம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்கெல்லாம் ஒருத்தி சந்தோஷப்படணுமா? இத்தனை வருஷம் உங்ககூட இருந்தும் எனக்கு ஒட்டாத வியாதி, மூணு வாரத்துல ஒட்டிக்கிச்சு. ஜெபத்துல கண்ணைத் திறந்து உங்களைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன்."

இந்தச் சமயத்தில் ஒரு பெண் வாசலில் வந்து, வீட்டுச் சாவிக்கு நகல் வேண்டும் என்றார். "கதவைக் காட்டணும்" என்று சொல்ல வாய் எடுத்த சாவிக்காரர், சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். மனைவிதான் எழுந்துபோய், "இன்னிக்குக் கடை இல்லம்மா" என்றாள்.

ஷட்டரை இறக்கிவிட்டு இரண்டு பேரும் பாஸ்டர் வீட்டுக்கு நடந்தே போனார்கள். அசலும் நகலும் அவள் கையில் இருந்தன. பாஸ்டர் முழுக்கக் கேட்டுவிட்டு, "பூட்டை மாத்திடலாம். அம்மா சாவியைத் திருப்பிக் கொடுத்தாப் போதும், சபைக்குத் தெரியவேண்டாம்" என்றார். நல்ல மனசு. சாவிக்காரர்தான் ஒப்பவில்லை.

"பூட்டு மாறினா ஏன் மாறுச்சுன்னு கேப்பாங்க. காரணம் தெரியலன்னா பென்சில் மேல சந்தேகம் போகும். அப்படிப் போறதுக்கு வழி வெட்டி வெச்சது நான்தான்."

அடுத்த ஞாயிறு எழுந்து நின்று சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. மனைவியை நம்பாமல் அவள் பையில் கை விட்டது, நகல் போட்டது, மச்சினன் அலமாரியைக் குடைந்தது, நாற்காலிக்கு நடுவே ஒளிந்தது எல்லாம். மச்சினனுடைய அலமாரி வந்தபோது இரண்டு பேர் சிரித்தார்கள், மச்சினனும் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. வெளியே வரும்போது பென்சில் எதிரே வந்தார். சாவிக்காரர் கை கூப்பினார்.

"என்னை மன்னிச்சிடுங்க வாத்தியார்."

பென்சில் காதிலிருந்த பென்சிலை எடுத்து, பார்த்துவிட்டு, திரும்பச் செருகிக்கொண்டார்.

"நீங்கதான் அன்னிக்கே சொன்னீங்களே, என்னையும் நம்பாதீங்கன்னு. நாங்கதான் கை தட்டிட்டு விட்டுட்டோம்."

அது மன்னிப்பா, குத்தலா என்று சாவிக்காரருக்கு இன்றுவரை விளங்கவில்லை. பலநாள் யோசித்துப் பார்த்துவிட்டு, எதுவாக இருந்தாலும் வைத்துக்கொள்வது என்று விட்டுவிட்டார்.

வீட்டில் சரியாக வெகுநாள் ஆனது. மனைவி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். ஒன்று மட்டும் சொன்னார்: "இனிமே கீறலை நீங்களே தேய்ச்சுக்குங்க." அதன்பிறகு உப்புத்தாளைத் தொடவில்லை. அவரும் தேய்ப்பதில்லை. அந்தக் கடைச் சாவிகளில் இப்போது எல்லாவற்றிலும் பிறைக் கீறல் இருக்கிறது. யாராவது கேட்டால், "மிஷின்ல கோளாறு" என்பார் அவர். "மிஷின்லயா?" என்று மேசையிலிருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரலில் இப்போது கொஞ்சம் சிரிப்பு இருக்கிறது.

சாவிக்காரருக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. காலை ஒன்பது மணிக்குக் கடையைத் திறக்கிறார். தனியாக வருகிற சாவிக்கு இப்போதும் நகல் போடுவதில்லை. விடுபட்ட அந்த ஒரு சாவியை நோட்டில், அதே தேதிக்குக் கீழே, இடுக்கி எழுதியிருக்கிறார். 'யாருடைய சாவி' என்ற இடத்தில் மனைவியின் பெயர் இருக்கிறது. ஜெபத்தில் கண்ணை மூடுகிறார், சில நாள் முழுக்க, சில நாள் முக்கால். எளியோர் பெட்டிக்குப் புதுப் பூட்டு வந்துவிட்டது. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.